ஒரே பெட்டியில் மூன்று கருந்தேள்கள்

விலங்குக் கடைக்கு எம்பரர் என்ற பெரிய கருந்தேள் வாங்கப் போனால் கடைக்காரர் தவறாமல் ஒன்று சொல்வார்: "இவை கூட்டமாக வாழும் இனம். இரண்டு மூன்றைச் சேர்த்தே வைக்கலாம்." அவர் சொல்வதில் பொய் இல்லை. வாங்குகிறவர்தான் அதைக் கேட்டுவிட்டு, தேள்களுக்குள் நட்பு, பாசம், துணை தேடும் ஏக்கம் எல்லாம் இருப்பதாக எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மூன்றை ஒரே பெட்டியில் வளர்த்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வளர்ந்த தேள்கள் ஒன்றையொன்று சகித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். உறவாடுவது என்று சொல்லத்தக்கதை நான் கண்டது இணைசேரும் இரவிலும், தாய்க்கும் குட்டிகளுக்கும் இடையிலும் மட்டுமே.

தெற்கு லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிறேன். விடுமுறை நாளிலும் விடியும்வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் பிராணியாகத் தேடித்தான் தேளிடம் வந்து சேர்ந்தேன். மாடியில் உள்ள சின்ன அறையில் பெட்டி இருக்கிறது. மனைவிக்குத் தேள்கள்மீது எந்த முறைப்பாடும் இல்லை. அவற்றுக்குத் தீனியாக வாங்கும் சுவர்க்கோழிகள்மீதுதான் கோபம். ஒன்று தப்பிக் குளிரூட்டிக்குப் பின்னால் போய் இருந்துகொண்டு இரவெல்லாம் கத்தினால், காலையில் எனக்குத் தேநீர் கிடைக்காது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா முதலில் நம்பவே இல்லை. "காசு கொடுத்தா தேள் வாங்கினாய் தம்பி?" என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. அண்மைய பதிற்றாண்டுகளில் குடாநாட்டில் பரவியிருக்கும் இந்தியச் செந்தேள் உயிர் குடித்திருக்கிறது. அது பூத்திடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துத் தேள் எதையும் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்க பிரிட்டனில் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் இடம் தராது. எம்பரர் வேறு குடும்பம். வன்னிக் காடுகளில் கிடக்கும் நட்டுவக்காலிக்கு ஆப்பிரிக்கச் சொந்தம் என்று சொல்லலாம். 20 சென்டிமீட்டர்வரை வளரும். பார்க்கத்தான் பயங்கரம், ஒவ்வாமை இல்லாதவருக்கு அதன் கொட்டு தேனீக் கொட்டளவுதான். வளர்ந்த எம்பரர் பெரும்பாலும் கொடுக்கை நீட்டுவதே இல்லை. அந்தப் பருத்த இடுக்கிகளே அதற்குப் போதும். விரலைப் பிடித்தால் இரத்தம் வரும், அது வேறு விஷயம்.

இவற்றின் ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின், நைஜீரியா போன்ற நாடுகளில் விழுந்த மரங்களின் அடியிலும் கறையான் புற்றுகளிலும் வளை தோண்டி வாழ்கின்றன. செல்லப்பிராணி வியாபாரத்துக்காக அள்ளிக்கொண்டு போனதால் 1995இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள், வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் சுயநலம்: காட்டுத் தேளின் வயது யாருக்கும் தெரியாது. முழுக் காசு கொடுத்துக் கிழத்தை வாங்கி வருவீர்கள்.

என்னிடம் வந்தவை ஓர் ஆணும் இரண்டு பெண்களும். ஆண் பெண் பார்ப்பதற்கு மேலே பார்த்துப் பயனில்லை. அடியில் ஒளி ஊடுருவும் டப்பாவில் விட்டு, தலைக்கு மேல் தூக்கி, வயிற்றுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைசிக் கால் சோடிக்குப் பின்னால் இரண்டு சீப்புகள் விரிந்திருக்கும். தேளுக்கு மட்டுமே உள்ள உறுப்பு அது. நடக்கும்போது தரையைத் தடவி, அங்கே யார் போனார்கள் என்று மணமும் சுவையும் அறிவது அதனால்தான். ஆணின் சீப்புப் பற்கள் நீளம், பெண்ணினுடையவை குட்டை. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் குழப்பம்தான். இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் வராது. பெண்களில் ஒருத்தி பருத்தவள், மற்றவள் சிறியவள். பெரியவள், சின்னவள் என்று பேர் வைத்தது மனைவி. பேர் வைக்கும் ஆசை எனக்கு இல்லை. இருந்தாலும் வாயில் ஒட்டிக்கொண்டது.

பெட்டி அகலமானது. அடியில் ஒரு சாண் ஆழத்துக்குத் தும்புச்சோறு. அமுக்கிய கட்டியாக விற்கிறார்கள்; என் கட்டியின் உறையில் "இலங்கை உற்பத்தி" என்று அச்சிட்டிருந்தது. அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து நிரப்பியபோது அறையெல்லாம் மழை நனைத்த தேங்காய்மட்டை வாசம். ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் சற்று உலர்ந்தும், வெப்பம் 26 முதல் 30 பாகை செல்சியஸுக்குள்ளும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஒளிந்துகொள்ளத் தக்கைமரப் பட்டைகளும் பாதியாக உடைத்த மண்சட்டிகளும் உண்டு. தேள்களின் எண்ணிக்கையைவிட மறைவிடங்கள் அதிகம் இருக்க வேண்டும் என்பதுதான் சேர்த்து வளர்ப்பதன் முதல் விதி. மற்ற விதிகளும் இதற்குள்ளேயே வந்துவிடும் என்பேன்.

இத்தனை மறைவிடம் இருந்தும் மூன்றும் ஒரே பட்டையின் அடியில்தான் பகலைக் கழித்தன. முதலில் எனக்கும் அது ஒட்டுறவாகத்தான் பட்டது. பிறகு வெப்பப் பாயை மறுபக்கம் மாற்றினேன். மூன்றும் மறுபக்கப் பட்டைக்குக் குடிபெயர்ந்தன, ஒவ்வொன்றாக, வெவ்வேறு இரவில். அவை தேடியது இளஞ்சூடும் ஈரமும்தான். அங்கே மற்ற இரண்டும் இருந்தது தற்செயல். குடியிருப்புகளில் லிப்டில் சேர்ந்து போகிறவர்களை யாரும் குடும்பம் என்று சொல்வதில்லை.

சண்டை வராமல் இல்லை. இருளில் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொள்ளும். தேளுக்குப் பல கண்கள் இருந்தாலும் பார்வை மட்டம். காற்றின் அசைவை உணரும் மெல்லிய மயிர்களும் தரையின் அதிர்வை உணரும் கால்களும்தான் அதற்கு உலகம். எதிரில் வந்தது இரையா, எதிரியா, இனத்தானா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரியும். தொட்டதும் இரண்டும் இடுக்கிகளைப் பூட்டிக்கொண்டு தள்ளும். வால் உயரும், கொட்டாது. சின்னவள் சில நேரம் சத்தமும் போடுவாள். இடுக்கிக் கையின் அடிப்பாகத்தையும் முதல் காலின் அடிப்பாகத்தையும் உரசி எழுப்பும் ஒலி அது, சுளகில் அரிசி புடைப்பதுபோலச் 'சர் சர்' என்று கேட்கும். முதல் முறை கேட்டபோது ஹீட்டரில் பழுது என்று நினைத்து அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது தள்ளுமுள்ளுக்குப் பிறகு சிறியது பின்வாங்கும். பெரியது துரத்தாது. அத்தோடு சரி.

இந்தச் சமாதானம் தீனியில் நிற்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்து, மூன்றும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தால் ஆபத்து குறைவு. ஒன்று தோலுரிக்கும்போது கணக்கு மாறிவிடும். தோலுரித்த தேளின் உடல் பால் வெள்ளையாய், மெத்தென்று இருக்கும். கொடுக்காலும் பயனில்லை, இடுக்கியாலும் பயனில்லை. பக்கத்தில் பசித்த ஒன்று இருந்தால் அதற்கு அது இரைதான். குரோய்டனில் ஒரு நண்பர் இளந்தேள்களைப் பருமன் பாராமல் சேர்த்து வைத்திருந்தார். ஒரு காலையில் பார்த்தால் எண்ணிக்கை குறைந்திருந்தது, ஒரு தேளின் வயிறு மட்டும் பெருத்திருந்தது. வேறு இனத்தைக் கலப்பது அதைவிட மோசம். தான்சானியாவின் செவ்விடுக்கித் தேளைச் சில கடைகளில் எம்பரர் என்றே விற்றுவிடுகிறார்கள். முன்கோபக்காரத் தேள் அது. எம்பரரின் பெட்டியில் விட்டால் சண்டை சின்னதாக முடியாது.

சென்ற ஆண்டு பெப்ரவரியில் ஓர் இரவு, வேலை முடிந்து வந்து சிவப்பு விளக்கைப் போட்டேன். சிவப்பு ஒளியை அவை பொருட்படுத்துவதில்லை. ஆண் வெளியே நின்றான். சில நாட்களாகவே அவன் தீனி தின்னாமல், பெட்டியின் நான்கு மூலையும் அளந்துகொண்டிருந்தான். வழக்கத்தில் அசையாமல் கிடப்பவன் இப்படி நடந்தால் காரணம் ஒன்றுதான். சீப்புகள் இரண்டும் விரிந்து தும்பைத் தடவிக்கொண்டே போயின. பெரியவள் நடந்து போன தடத்தை அவன் தொட்ட இடத்தில், திடீரென்று கால்களை ஊன்றிக்கொண்டு உடலை முன்னும் பின்னும் உலுக்கினான். உடல் முழுதும் நடுங்கியது. நடுக்கம் தரையில் பரவி, பட்டைக்கு அடியில் இருப்பவளுக்கு "வருவது இரை இல்லை" என்று சொல்வதாகக் கருதுகிறார்கள். தேளின் உலகில் அந்தச் செய்தியைச் சொல்லத் தவறினால் உயிர் போகும்.

அவள் வெளியே வந்தாள். இடுக்கிகளை விரித்தே வந்தாள், வரவேற்கும் தோரணை ஒன்றும் இல்லை. அவன் அந்த இடுக்கிகளையே பற்றிக்கொண்டான். இரண்டு கையையும் இரண்டு கையால் பிடித்தாயிற்று, இனி அவளால் அவனைப் பிடிக்க முடியாது. பிறகு அவன் பின்னோக்கி நடக்கத் தொடங்கினான். அவளை இழுத்துக்கொண்டு ஒரு மூலைக்கு, அங்கிருந்து தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி, மறுபடி நடுவுக்கு. அவள் சில அடிகள் வருவாள், பிறகு கால்களை ஊன்றி நின்றுவிடுவாள். நின்றால் அவன் நெருங்கிப் போய், வாய்க்கு முன்னால் உள்ள சிறு கொறுக்குகளை அவளுடையவற்றோடு உரசுவான். இதை முத்தம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கெஞ்சலாகவே தெரிந்தது. உரசியதும் அவள் தளர்வாள், நடை தொடரும். வால்கள் இரண்டும் பின்னால் நீண்டு கிடந்தன. ஒருமுறை அவள் வால் உயர்ந்தபோது எனக்கே வயிறு கலங்கியது.

அவன் போன வழியைக் கவனித்தால் அலைச்சலின் பொருள் விளங்கும். சீப்பு தரையைவிட்டு எழவே இல்லை. தும்பு வேண்டாம், பட்டை வேண்டாம் என்று ஒவ்வொரு இடமாகத் தள்ளிவிட்டு, நான் மூலையில் போட்டிருந்த தட்டையான கூரைக்கல் துண்டுக்கு வந்ததும் நின்றான். உறுதியான, மட்டமான, வழவழப்பில்லாத இடம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. வயிற்றின் அடிப்பகுதியைக் கல்லோடு அழுத்தி, மெல்ல உடலை உயர்த்தினான். கல்லில் ஒரு சிறு தண்டு ஒட்டி நின்றது. விந்தைத் தாங்கிய தண்டு. அடி கல்லில் ஒட்டியிருக்கும்; மேல்பகுதி மடல்போல விரிந்து ஒரு நெம்புகோலாக வேலை செய்யும். அவளை இழுத்து அதன்மேல் கொண்டுவந்தான். அவள் வயிற்றின் அடியில் உள்ள மூடி அதன்மேல் பொருந்தியதும், உடலின் எடை அழுத்த, மடல் விரிந்து விந்து உள்ளே போய்விடும். ஆணின் உடலும் பெண்ணின் உடலும் அந்த இடத்தில் தொட்டுக்கொள்வதே இல்லை. இவ்வளவு நேரம் நடந்த நடையெல்லாம் கல்லில் நட்ட ஒரு தண்டின்மேல் அவளைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவதற்காகத்தான்.

முடிந்ததும் அவன் பிடியை விட்டுவிட்டு ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். அவள் துரத்தவில்லை என்பது வேறு. சில இனங்களில் துரத்துவாள், பிடித்தால் தின்பாள். அடுத்த நாள் ஆணை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டேன். கல்லில் காலியாக நின்ற தண்டைச் சாமணத்தால் பெயர்த்துப் பெருக்காடியில் பார்த்தேன். நிறமற்ற, கண்ணாடித்தன்மையுள்ள ஒரு பொருள், மடல் இரண்டும் திறந்தபடி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள்" என்றார்.

பிரான்சின் செரிஞான் கிராமத்தில் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாப்ர் இந்த நடையை இரவில் லாந்தரோடு காத்திருந்து பார்த்து எழுதியவர். கைகோத்து உலாவும் சோடிகளை அவர் எவ்வளவோ இரவுகள் பார்த்தார். காலையில் பாதி தின்னப்பட்ட ஆணையும் பார்த்தார். ஆனால் உலாவின் கடைசியில் என்ன நடக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. தண்டு விஷயம் ஆய்வாளர்களுக்குத் தெளிவானது 1950களில்தான். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய தேள்கள் கல்லின் அடியில் புகுந்துகொண்டன. என்னுடையவை கண்ணாடிப் பெட்டியில் கண்ணுக்கு நேரே இருந்தன.

பிரிட்டனுக்கென்று சொந்தத் தேள் இல்லை, ஆனால் குடியேறிய தேள் உண்டு. கென்ட் கரையோரம் ஷெப்பி தீவில் ஷியர்னஸ் என்ற பழைய துறைமுகம். அங்கே மதில் வெடிப்புகளில் மஞ்சள்வால் தேள்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வாழ்கின்றன. இத்தாலியிலிருந்து கட்டடக்கல் ஏற்றி வந்த கப்பலில் வந்தவை என்பார்கள். வெப்பமான ஓர் இரவில் புற ஊதா டார்ச்சோடு போனோம். மதிலில் ஒளி பட்ட இடமெல்லாம் பச்சையாக மின்னின. தேளின் மேல்தோலில் உள்ள சில சேர்மங்கள் அந்த ஒளியில் ஒளிர்வதால்தான் அப்படி. ஆயிரக்கணக்கில் இருப்பதாகச் சொல்லப்படும் இடம் அது. ஆனாலும் ஒரு வெடிப்பில் ஒரு தேள், இடுக்கி மட்டும் வெளியே நீட்டியபடி. அருகருகே வாழ்வதற்கும் சேர்ந்து வாழ்வதற்கும் உள்ள தூரத்தை அந்த மதிலில் கண்டேன். ஆணே வேண்டாம் என்று தீர்மானித்த தேளும் உலகில் உண்டு. பிரேசிலின் மஞ்சள் தேளில் பெண் தனியாகவே குட்டி ஈனும். ஒன்று வீட்டுக்குள் வந்தால் போதும், பெருகிவிடும். அந்த நாட்டு நகரங்களில் அது பெரும் தொல்லையாகிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியவள் கருவுற்றாள். எம்பரரின் கர்ப்பம் ஏழெட்டு மாதத்துக்குக் குறையாது, ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. வயிற்றின் பக்கவாட்டுத் தோல் விரிந்து, தட்டுகளுக்கு இடையே வெளிறிய கோடு தெரிந்தது. உள்ளே ஒவ்வொரு குட்டியும் தனித்தனிப் பையில் வளர்கிறது. தாயின் உடலிலிருந்து வரும் முலைக்காம்பு போன்ற ஓர் உறுப்பு குட்டியின் வாய்க்குள்ளேயே உணவைக் கொண்டு சேர்க்கிறது. முட்டையிடும் பூச்சிக் கூட்டத்தோடு தேளைச் சேர்த்துப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

செய்தியை அம்மாவிடம் சொன்னேன். "பாவம், குட்டிகள் முதுகைக் கிழித்துக்கொண்டு வந்தால் தாய் செத்துப்போகுமே" என்றார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முதுகில் குட்டிகளோடு செத்துக்கிடக்கும் தேளை யாரோ பார்த்திருப்பார்கள், செருப்பால் அடித்ததும் அவர்களாகவே இருக்கலாம். நடப்பது வேறு. கார்த்திகையில் ஓர் இரவு அவள் உடலை உயர்த்தி, முன்கால்களை மடித்து வயிற்றின் கீழே ஏந்திக்கொண்டு நின்றாள். வெள்ளைக் குட்டிகள் ஒவ்வொன்றாக அந்தக் கால்களுக்கு நடுவில் விழுந்தன. விழுந்த குட்டி கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு தாயின் காலைப் பற்றி ஏறி முதுகுக்குப் போய்விடும். விடியும்போது முதுகுத் தட்டுகளே தெரியவில்லை. தாயின் உடல் புற ஊதா ஒளியில் பச்சையாக மின்ன, மேலே அடுக்கியிருந்த குட்டிகள் ஒளிராமல் கிடந்தன. முதல் தோலுரித்த பிறகுதான் அவற்றுக்கு அந்த ஒளி வரும்.

சின்னவளை அதற்கு முன்பே தனிப் பெட்டிக்கு மாற்றியிருந்தேன். அது நல்லதாயிற்று. சகித்துக்கொண்டிருந்த பெரியவள் இப்போது தண்ணீர்ச் சட்டியை எடுக்கப் போன என் கரண்டியையே பிடித்து நெரித்தாள்.

தோலுரித்ததும் குட்டிகள் கறுத்து, கீழே இறங்கத் தொடங்கின. பல இனங்களில் கதை இங்கே முடியும்: இறங்கிய குட்டி ஓடிவிட வேண்டும், இல்லையேல் தாய்க்கே இரையாகலாம். எம்பரர் அப்படி இல்லை. ஒரு பெரிய புழுவைப் போட்டேன். பெரியவள் பிடித்தாள், இடுக்கியால் நசுக்கினாள், தின்னாமல் பிடித்தபடியே நின்றாள். குட்டிகள் நான்கு பக்கமிருந்தும் வந்து, கிழிந்த இடங்களில் வாயை வைத்தன. இரண்டு குட்டிகள் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டுத் தள்ளிக்கொண்டதில் ஒன்று தாயின் இடுக்கிமேலேயே ஏறிவிட்டது. அவள் இடுக்கியை அசைக்கவில்லை. அதே இடுக்கிதான் அந்த வாரம் என் கரண்டியில் கீறல் போட்டது.

இந்த இனத்தில் தாயும் குட்டிகளும் சேர்ந்திருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர் டீட்டர் மாஸ்பெர்க் 1990இல் எழுதியிருக்கிறார். நம் பக்கத்து நட்டுவக்காலி இனம் ஒன்றைப் பற்றி 1994இல் பெங்களூரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதிலும் தாயோடு ஒரே வளையில் குடியிருக்கும் குட்டிகளைப் பற்றித்தான் பேச்சு. கடைக்காரர் சொன்ன "கூட்டம்" இங்கிருந்துதான் வருகிறது. காட்டில் ஒரு வளைக்குள் பல எம்பரர்களைக் கண்டால் அது பெரும்பாலும் ஒரு தாயின் வீடாக இருக்கும். கடையில் வெவ்வேறு பெட்டியிலிருந்து அள்ளிச் சேர்த்த மூன்று அந்நியர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஆணும் சின்னவளும் இப்போது தனித்தனியாக இருக்கிறார்கள். பிரித்த முதல் இரவே இருவரும் வழக்கம்போலத் தின்றார்கள். யாரும் யாரையும் தேடியதாகத் தெரியவில்லை. குட்டிகள் இன்னும் தாயோடுதான் இருக்கின்றன, சில வந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. கேட்பவர்களுக்கு ஒரே ஈற்றுக் குட்டிகளாக இரண்டு மூன்றைச் சேர்த்துத் தருகிறேன், பருமன் பார்த்து. ஒருமுறை தோலுரித்து ஒன்று மட்டும் பெருத்தால் உடனே பிரிக்கச் சொல்கிறேன். போன சனிக்கிழமை ஓர் இளைஞர் வந்தார். நன்றாகக் கதைத்தார், விலையையும் குறைக்கச் சொல்லவில்லை. புறப்படும்போது, வீட்டில் உள்ள டாரன்டுலா என்ற பெருஞ்சிலந்தியின் பெட்டி பெரிது, அதிலேயே விட்டால் இரண்டும் பழகிவிடும்தானே என்று கேட்டார். குட்டிகளைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.